வளைவுக்குக் கீழே ஒரு விட்டம்

நீராவிப்பிட்டிப் பள்ளிக்கு
வாசல் வேணுமாம், வளைவு வைத்து.

நான் கோயில் மேசன்.
முள்ளியவளையில் மூன்று மடப்பள்ளி,
ஒரு வசந்தமண்டபம்,
அதற்குப் பிறகு கணக்கில்லாத பங்கர்.
எல்லாம் நேர்ச்சட்டம்.
இரண்டு பக்கமும் தூண், மேலே விட்டம்.
பாரம் இறங்கும், நிலம் வாங்கும்.
வளைவை நான் புடலங்காயில்தான் கண்டிருக்கிறேன்.

முபீஸ் புத்தளம் அகதிமுகாமில் பிறந்த பெடியன்.
இருபது வயதில் வந்து
வாப்பாவின் உறுதியில் இருந்த எல்லைக்கல்லை
காட்டுக்குள் கத்தியோடு தேடினவன்.
படம் கீறப் படித்தவன்.
சீமெந்துப் பையைக் கிழித்து விரித்து
அதில் டில்லியைக் கீறினான்.

"வளைவு வேணும் எண்டு முதல் வந்த சுல்தான் கேட்டான்.
உளியோடை நிண்டது உங்களைப்போலக் கோயில் ஆக்கள்,
அவைக்கும் தெரியாது.
ரெண்டு பக்கத்தாலும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி
உச்சியிலை முட்டவிட்டு
உள்விளிம்பைச் செதுக்கிப்போட்டினம்.
சுல்தானின்ரை கண்ணுக்கு அது வளைவு.
கல்லுக்குத் தெரியும், அது படிக்கட்டு."

சாவிக்கல் வைத்த மெய்யான வளைவு வர
எண்பது, தொண்ணூறு வருசம் போனதாம்.
"நோன்புக்கு நாற்பது நாள்தான் கிடக்குத் தம்பி" என்றேன்.

அவன் நிறுத்தவில்லை.
கில்ஜியின் வளைவோரம் தாமரை மொட்டு.
(அது எங்கடை கை என்று நினைத்தேன், சொல்லவில்லை.)
லோதியின் சமாதிக்கு எட்டுப் பக்கம்.
முகலாயனுக்குக் கூரைக்கு மேல் கூரை,
நடுவில் வெறும் காற்று.
"காத்துக்கு ஏன் கூலி?"
"வெளியிலை பாக்கிறவனுக்கு உயரம் வேணும் அண்ணை,
உள்ளுக்கை நிக்கிறவனுக்கு அளவு."
அதைக் கொஞ்ச நேரம்
வெற்றிலைபோல அடக்கி வைத்திருந்தேன்.

வளைவில் ஒரு கல்
தன் பாரத்தைப் பக்கத்துக் கல்லில் தள்ளுமாம்,
அது அடுத்ததில்.
"அரசாங்கம் மாதிரி" என்றேன்.
மீராமுகைதீன் ஹாஜியார் சிரிக்காமல்
சீமெந்துப் பை எண்ணினார். நாற்பத்தொன்று.

அவன் லைட்டு வாங்கக் கொழும்புக்குப் போன மூன்று நாளில்
நான் அதைச் செய்தேன்.
இரண்டு தூணின் தலைக்கும் குறுக்கே
நாலு கம்பி, ஒன்பது அங்குலக் கொங்கிறீற்.
முட்டுக்கு வளவில் கிடந்த பனங்குற்றி.
எந்தப் பனங்குற்றி என்று எனக்குத் தெரியும்.
ஆறு பேர் அதன் கீழ் இருந்தோம்.
நான் எழும்பி வந்தேன்.
அன்றிலிருந்து
தலைக்கு மேல் இருக்கும் எதையும் நம்பி
நான் கண்ணயர்ந்தது இல்லை.

பெடியன் வந்தான், பார்த்தான்.
படத்தில் இல்லாத விட்டம்.
கத்துவான் என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
அவன் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து
இரண்டு தரம் பக்கம் தவறி, பிறகு பிடித்தான்.

துக்ளக் காலம்.
சாய்ந்த தடித்த சுவர், வாசல், வளைவு,
வளைவின் காலடியில்
குறுக்கே ஒரு கல்விட்டம்.

"ஏன் வைச்சவை?"
"வளைவையும் விட்டத்தையும் சேத்து
அழகுக்கு வைச்சதெண்டு எழுதிக் கிடக்கு."

ஈரக் கையால் அந்தப் படத்தைத் தொட்டேன்.
அழகுக்கு இல்லைத் தம்பி.
டில்லியிலும் ஒருத்தன் இருந்திருக்கிறான்,
எதற்கோ கீழே கிடந்து
எழும்பி வந்தவன்.

பிறகு மேலே பத்தொன்பது கல் அடுக்கினேன்.
கடைசிக் கல்லை மரச்சுத்தியலால் தட்டி இறக்கியபோது
மற்றப் பதினெட்டும் ஒருமுறை மூச்சு வாங்கின,
அல்லது அது நான்தான்.

நோன்பு பிறந்த அன்று
தொழுகை நேரம் காட்டும் மணிக்கூட்டைக் கொண்டுவந்தார்கள்.
வளைவில் ஆணி அடிக்க ஹாஜியார் விடவில்லை.
விட்டத்தில் கொழுவினார்கள்.
ஐந்து நிமிசம் முந்தி ஓடுகிறது.